சிப்புக்குள் ஒளிக்குத் தாமதம்: ஆப்டோமெக்கானிக்ஸ் பற்றி ஒரு சந்தேகம்

கேத்தி_மாணவி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். செமினாருக்கு ஆப்டோமெக்கானிக்ஸ் தலைப்பை, அதாவது ஒளியும் இயந்திர அதிர்வும் ஒன்றையொன்று பாதிப்பதை, தைரியமாக எடுத்துவிட்டேன். எடுத்தபிறகுதான் பயம் வருகிறது. 2011-இல் கால்டெக்கின் ஆஸ்கர் பெயின்டர் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரைதான் மையம். சிலிக்கானில் செதுக்கிய நானோ அளவுச் சட்டம் ஒன்றில், 8.7 கெல்வின் குளிரில், ஒளியை 50 நானோ விநாடி தாமதப்படுத்தியிருக்கிறார்கள். இன்னொரு லேசரை வைத்து அந்தத் தாமதத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. அதே கட்டுரையில் 1.4 மைக்ரோ விநாடி முன்கூட்டியே வந்த சமிக்ஞையும் இருக்கிறது!

கணக்கு ஓரளவு ஓடுகிறது. ஆனால் ஒளியின் வேகம் மாறாதது என்று பள்ளியிலிருந்து படித்ததோடு இது எப்படி ஒத்துப்போகும்? அப்புறம், அந்த 50 நானோ விநாடியும் ஒளி எங்கே இருக்கிறது? சமன்பாடு இல்லாமல் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் செமினாரில் முன்வரிசையில் உட்காருபவர் சமன்பாட்டைக் காட்டி ஏமாற்றக்கூடிய ஆள் இல்லை.

கூடலூரான் | திங்கள், இரவு 10.05

வெற்றிடத்தில் ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983-இலிருந்து மீட்டருக்கு வரையறையே அதுதான். அதைக் கட்டுப்படுத்திவிட்டோம் என்று செய்தி வந்தாலே எனக்குக் கை அரிக்கும். தண்ணீரில் ஒளி மெதுவாகப் போகும் என்பதை ஃபூக்கோ 1850-லேயே காட்டிவிட்டார். இவர்கள் புதிதாக என்ன செய்துவிட்டார்கள்?

தொட்டபெட்டா2637 | திங்கள், இரவு 10.20

எதற்கு இவ்வளவு பெரிய பேச்சு? மேட்டுப்பாளையம் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறு வரை நன்றாக ஓடி வரும். அங்கே பல்சக்கரத் தண்டவாளம் ஆரம்பித்ததும் நத்தை ஆகிவிடும். குன்னூர் தாண்டினால் பல்சக்கரம் இல்லை, மறுபடி வேகம் எடுக்கும். ஒளியும் அப்படித்தான். முடிந்தது செமினார்.

மஞ்சூர்_டீச்சர் | செவ்வாய், காலை 6.30

தம்பி, முன்வரிசைக்காரர் உங்கள் ரயிலைக் கல்லாறிலேயே நிறுத்திவிடுவார். ரயிலில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே வேகம். ஒளித் துடிப்பு அப்படி ஒற்றைப் பொருள் இல்லை. பல அதிர்வெண் அலைகள் சேர்ந்தது. எந்த இடத்தில் அவற்றின் முகடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவோ அங்கே உச்சம் தெரிகிறது. மற்ற இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஊடகம் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் சற்றே வேறான கட்ட மாற்றத்தை, அதாவது முகடுகளின் நகர்வைக் கொடுத்தால், பொருந்தும் இடம் தள்ளிப் போகும். அந்த உச்சம் நகரும் வேகம் குழுத் திசைவேகம். தனி அலை ஒன்றின் முகடு நகரும் வேகம் கட்டத் திசைவேகம்.

கூடலூராருக்கு: புதிது என்னவென்றால், ஊடகம் அடர்த்தியாக இருக்கவே வேண்டியதில்லை. ஒளிவிலகல் எண் அதிர்வெண்ணோடு எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பதுதான் குழுத் திசைவேகத்தைத் தீர்மானிக்கிறது. 1999-இல் அமெரிக்காவில் லேனே ஹௌ குழு மிகக் குளிர்ந்த சோடியம் அணுக்களுக்குள் ஒளித் துடிப்பை விநாடிக்கு 17 மீட்டருக்கு இறக்கியது. கணக்குப் போட்டால் மணிக்கு 61 கி.மீ. அந்தச் சோடியம் மேகத்தின் ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட 1தான். வைரத்துக்கு 2.4. ஆனால் எந்த வைரமும் ஒளியை இப்படிப் பிடித்து வைத்ததில்லை.

ஸ்பிளைசர்_குன்னூர் | செவ்வாய், காலை 8.15

டீச்சர் சொன்னதை நாங்கள் தினமும் மெஷினில் பார்க்கிறோம், பெயர்தான் தெரியாது. ஃபைபர் கேபிள் ஜாயின்ட் போடும் வேலை எனக்கு. பர்லியார் பக்கம் மண் சரிந்து கேபிள் அறுந்தால், குன்னூர் முனையில் ஓ.டி.டி.ஆர். மாட்டுவோம். அது ஒரு துடிப்பை அனுப்பி, அறுந்த இடத்தில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். அதற்கு ஃபைபரின் ஒளிவிலகல் எண்ணை நாம் கொடுக்க வேண்டும். 1550 நானோமீட்டரில் எங்கள் ஃபைபருக்கு 1.4682 என்று போடுவோம், 1310-க்கு 1.4676. ஒருமுறை புதிதாக வந்த பையன், புத்தகத்தில் கண்ணாடிக்குப் போட்டிருந்த 1.444-ஐத் தட்டிவிட்டான். இருபது கி.மீ.க்கு முந்நூறு மீட்டர் தள்ளிக் காட்டியது. கொட்டுகிற மழையில் தப்பான வளைவில் குழி தோண்டிக்கொண்டு நின்றோம். மெஷினுக்கு வேண்டியது துடிப்பின் வேகம், அதாவது நீங்கள் சொல்கிற குழுத் திசைவேகம். சரிதானே டீச்சர்?

மஞ்சூர்_டீச்சர் | செவ்வாய், காலை 8.40

நூற்றுக்கு நூறு சரி. 1.444 கட்டத் திசைவேகத்துக்கான எண், 1.4682 குழுத் திசைவேகத்துக்கான எண். இதைவிட நல்ல உதாரணம் கல்லூரிப் புத்தகத்தில்கூட இல்லை. கேத்தி, இதை முதல் ஸ்லைடில் வையுங்கள்.

முத்தோரை_ஓய்வு | செவ்வாய், காலை 11.10

ரேடியோப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நம் முத்தோரை ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. நண்டு நெபுலாவின் பல்சர், அதாவது வேகமாகச் சுழலும் விண்மீன், 33 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு அனுப்புகிறது. வழியில் விண்மீன்களுக்கு இடையே தனி எலக்ட்ரான்கள் மிதக்கின்றன. அவற்றால் குறைந்த அதிர்வெண் அலைக்குக் குழுத் திசைவேகம் குறைகிறது. 326.5 மெகாஹெர்ட்ஸில் வரும் துடிப்பு, அதே கணத்தில் கிளம்பிய கண்ணுக்குத் தெரியும் ஒளித் துடிப்பைவிடச் சுமார் 2.2 விநாடி தாமதம். அதாவது அறுபதுக்கும் மேற்பட்ட துடிப்புகள் பின்தங்கிவிடுகிறது. இந்தத் தாமதத்தைக் கழிக்காமல் பல்சர் வேலையே நடக்காது.

வேடிக்கை என்னவென்றால், அதே எலக்ட்ரான் கூட்டத்தில் கட்டத் திசைவேகம் வெற்றிட ஒளி வேகத்தைவிட அதிகம். ஐன்ஸ்டைனுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. தனி அலையின் முகடு எந்தச் செய்தியையும் சுமந்து போவதில்லை.

கேத்தி_மாணவி | செவ்வாய், மதியம் 1.30

மிக்க நன்றி டீச்சர், சார், அண்ணா. வேகம் பற்றிய குழப்பம் தீர்ந்தது. இனி சிப்புக்குள் என்ன நடக்கிறது? அங்கே அணு வாயுவும் இல்லை, எலக்ட்ரான் மேகமும் இல்லை. வெறும் சிலிக்கான்.

கோத்தகிரி_லேசர் | செவ்வாய், மாலை 7.00

நான் இந்தத் துறையில்தான் ஆராய்ச்சி செய்கிறேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன், மழையில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. பாதியில் நின்றால் கோபிக்காதீர்கள்.

முதலில் சட்டம். மெல்லிய சிலிக்கான் சட்டத்தில் வரிசையாக ஓட்டைகள் போடுகிறார்கள். நடுவில் மட்டும் ஓட்டைகளின் அளவையும் இடைவெளியையும் லேசாக மாற்றினால், 1550 நானோமீட்டர் வட்டாரத்து ஒளி, அதாவது சுமார் 193 டெராஹெர்ட்ஸ், அந்த நடுப்பகுதியில் சிறைப்படுகிறது. இதைக் கேவிட்டி என்போம். அழகு என்னவென்றால், அதே ஓட்டைகள் இயந்திர அதிர்வையும் அதே இடத்தில் சிறைப்படுத்துகின்றன. சட்டத்தின் நடுப்பகுதி விநாடிக்கு 370 கோடி முறை அகன்று ஒடுங்கும். 3.7 கிகாஹெர்ட்ஸ்.

ஒளிக்கு அழுத்தம் உண்டு. லெபெதேவ் 1901-லேயே அளந்துவிட்டார். கேவிட்டிக்குள் ஒளி கூடினால் சட்டம் தள்ளப்படும். சட்டம் அகன்றால் கேவிட்டியின் ஒத்ததிர்வு அதிர்வெண் மாறும். ஒளி அதிர்வைப் பிடிக்கிறது, அதிர்வு ஒளியைப் பிடிக்கிறது. இந்த இருவழிப் பிடிப்பு இல்லாவிட்டால் மேலே எதுவும் இல்லை.

இப்போது இரண்டு லேசர்கள் உள்ளே வருகின்றன. பலமானது பம்ப். அதைக் கேவிட்டியின் அதிர்வெண்ணுக்குச் சரியாக 3.7 கிகாஹெர்ட்ஸ் கீழே, சிவப்புப் பக்கம் வைக்கிறார்கள். பலவீனமானது புரோப். அது கேவிட்டியின் அதிர்வெண்ணிலேயே வருகிறது. இரண்டும் கலந்தால் விம்மல் உண்டாகும், அதன் அதிர்வெண் 3.7 கிகாஹெர்ட்ஸ். ஒளியின் அழுத்தம் அதே தாளத்தில் ஏறி இறங்கும். சட்டத்தின் சொந்தத் தாளமும் அதுவே என்பதால் அது அதிரத் தொடங்கும்.

இங்கேதான் கதை திரும்புகிறது. அதிரும் சட்டம் பம்ப் ஒளியைப் பண்பேற்றம் செய்கிறது. பம்புக்கு மேலும் கீழும் 3.7 கிகாஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு பக்கப்பட்டைகள், அதாவது புது அதிர்வெண்கள், முளைக்கின்றன. கீழே முளைத்தது கேவிட்டிக்கு வெகு தூரம், எடுபடாது. மேலே முளைத்தது கேவிட்டியின் அதிர்வெண்ணில், புரோப் இருக்கும் அதே இடத்தில், எதிர்க் கட்டத்தில் வந்து விழுகிறது. இரண்டும் கேவிட்டிக்குள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. புரோப் உள்ளே ஏறவே முடியவில்லை. ஏறாத ஒளி விழுங்கப்படாது, பக்கத்து அலைவழியில் அப்படியே கடந்துபோகும். பம்பை அணைத்தால் அந்த அதிர்வெண்ணில் ஒளி அடைபடும். பம்பைப் போட்டால் அங்கே ஒரு மெல்லிய ஜன்னல் திறக்கும்.

மேல் பட்டை, கீழ்ப் பட்டை என்றதும் சர் சி.வி. ராமன் ஞாபகம் வந்திருக்க வேண்டுமே? ராமன் சிதறலில் கீழ்ப் பட்டைக்கு ஸ்டோக்ஸ், மேல் பட்டைக்கு எதிர் ஸ்டோக்ஸ் என்று பெயர், இங்கேயும் அவைதான். அங்கே மூலக்கூறு அதிர்கிறது, இங்கே நாம் செதுக்கிய சட்டம் அதிர்கிறது. இந்த ஒளிபுகு ஜன்னலை 2010-இல் கோட்பாடாகச் சொன்ன கட்டுரை ஒன்றில் நம் நாட்டுக்காரர் கிரீஷ் அகர்வால் இருக்கிறார், சுமேய் ஹுவாங்குடன் சேர்ந்து எழுதியது. அதே வருடம் டோபியாஸ் கிப்பன்பர்க் குழு சிலிக்கா வளையம் ஒன்றில் பரிசோதனையாகக் காட்டி சயன்ஸ் இதழில் போட்டது. அந்த வளையத்தில் ஒளி விளிம்பை ஒட்டியே சுற்றி வரும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக் குவிமாடத்தில் கிசுகிசுப்பு சுவரை ஒட்டிச் சுற்றி வருவதை ராமன் 1921-இல் ஆராய்ந்தாரே, அந்த வகை.

கோத்தகிரி_லேசர் | செவ்வாய், இரவு 8.50

கரண்ட் வந்தது. தாமதத்துக்கு வருகிறேன்.

ஜன்னல் எவ்வளவு குறுகலோ, அதற்குள் கட்டம் அவ்வளவு செங்குத்தாக மாறும். டீச்சர் சொன்ன விதிப்படி செங்குத்து கூடினால் துடிப்பு தாமதமாகும். ஜன்னலின் அகலத்தைத் தீர்மானிப்பது இயந்திர அதிர்வு எவ்வளவு நேரம் அடங்காமல் நிற்கிறது என்பது. அதோடு பம்பின் பலம். பம்பைக் கூட்டினால் ஜன்னல் அகலும், ஒளி நன்றாகப் புகும், தாமதம் குறையும். பம்பைக் குறைத்தால் ஜன்னல் குறுகும், ஆனால் ஓர் அளவுக்குக் கீழே ஒளியே சரியாகப் புகாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பார்த்து நிற்க வேண்டும். பம்ப் லேசரின் பலம்தான் நீங்கள் கேட்ட கைப்பிடி.

ஒளி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு: துடிப்பின் ஆற்றலில் ஒரு பங்கு அந்த நேரம் சட்டத்தின் அதிர்வாக இருக்கிறது, பிறகு பம்ப் அதை ஒளியாகத் திருப்பித் தருகிறது. அதனால்தான் தாமதம் எவ்வளவு இழுத்தாலும் சட்டத்தின் அதிர்வு உயிரோடு இருக்கும் நேரத்தைத் தாண்டாது.

ஒரு விஷயத்தில் கூடலூரானோடு எனக்குப் பாதி ஒப்புதல் உண்டு. ஐந்து மைக்ரோமீட்டர் சட்டத்தை 50 நானோ விநாடியால் வகுத்து ‘ஒளி விநாடிக்கு நூறு மீட்டரில் போகிறது’ என்று ஸ்லைடில் போட்டால் படிக்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் ஒளி அந்த ஐந்து மைக்ரோமீட்டரை மெதுவாக நடந்து கடக்கவில்லை. ஓர் ஒத்ததிர்வியில் மாட்டி, அதிர்வாகி, திரும்பி வந்திருக்கிறது. தூரம் என்று எதைச் சொல்வது? தாமதம்தான் அளந்த உண்மை. வேகம் அதிலிருந்து நாம் கட்டுவது.

தொட்டபெட்டா2637 | செவ்வாய், இரவு 9.15

8.7 கெல்வின் எதற்கு? நம் தலைகுந்தாவில் ஜனவரி விடியலில் வைத்தால் போதாதா? 🙂

கோத்தகிரி_லேசர் | செவ்வாய், இரவு 9.30

தலைகுந்தாவில் உறைபனி கொட்டினாலும் 273 கெல்வின் வட்டாரம்தான். 8.7 கெல்வின் என்றால் மைனஸ் 264 டிகிரி. அறை வெப்பத்தில் அந்த 3.7 கிகாஹெர்ட்ஸ் அதிர்வில் சராசரியாக 1700 ஃபோனான்கள் (அதிர்வு ஆற்றலின் மிகச் சிறு துணுக்குகள்) வெப்பத்தாலேயே ஆடிக்கொண்டிருக்கும். 8.7 கெல்வினில் அது ஐம்பதுக்கு இறங்கும். குளிரில் அதிர்வு அடங்கவும் அதிக நேரம் ஆகும், அதனால் ஜன்னல் குறுகும். சிவப்புப் பக்கப் பம்ப் கூடவே சட்டத்தைக் குளிர்விக்கவும் செய்யும். அதே குழு அதே 2011-இல் இப்படியே குளிர்வித்துச் சராசரி ஒரு ஃபோனானுக்கும் கீழே கொண்டுபோனது. அறை வெப்பத்திலும் அவர்கள் அளந்தார்கள், ஆனால் பம்பை மறுபக்கம், நீலப் பக்கம் வைத்து. அங்கே எதிர் ஆட்டம்: உறிஞ்சலும் பெருக்கமும். பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சட்டம் தானாகவே அதிர ஆரம்பித்துவிடும்.

ஸ்பிளைசர்_குன்னூர் | புதன், காலை 7.45

எல்லாம் சரி தம்பி. எங்கள் ஃபைபரில் ஒளி ஒரு கி.மீ. போக 5 மைக்ரோ விநாடி. 50 நானோ விநாடி என்றால் வெறும் பத்து மீட்டர் ஃபைபர். அதை என் சட்டைப் பையில் சுருட்டி வைத்திருப்பேன், குளிர்சாதனமும் வேண்டாம், பம்பும் வேண்டாம். இதற்கா நேச்சர்?

கூடலூரான் | புதன், காலை 8.00

இதைத்தான் நான் முதலிலேயே கேட்டேன்!

கோத்தகிரி_லேசர் | புதன், காலை 9.20

இதுதான் முன்வரிசைக் கேள்வி. கேத்தி, இதற்குப் பதில் இல்லாமல் மேடை ஏறாதீர்கள்.

சுருட்டிய ஃபைபரில் தாமதத்தை மாற்ற முடியாது. வேறு தாமதம் வேண்டுமென்றால் வேறு சுருள். சிப்பில் பம்பைத் திருகினால் போதும். அப்புறம், சோடியம் வழிக்கு 589 நானோமீட்டர்தான் வேண்டும், அணு கேட்பதைத்தான் கொடுக்க முடியும். சட்டத்துக்கு அணு இல்லை. எந்த நிறத்துக்கு வேண்டுமோ அந்த நிறத்துக்கு ஓட்டையைச் செதுக்கலாம், உங்கள் 1550 உட்பட. மூன்றாவது, ஒளித் தகவலை அதிர்வாக மாற்றிச் சற்று நேரம் வைத்திருந்து, கேட்கும்போது திருப்பி எடுக்கலாம். 2011-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஹைலின் வாங் குழு சிலிக்கா ஒத்ததிர்வி ஒன்றில் இதைச் செய்து காட்டியது. ஃபைபர் சுருளை ‘நில்’ என்றால் நிற்காது.

ஆனால் விலை உண்டு. ஜன்னல் குறுகல் என்பதால் அதற்குள் அடங்கும் தகவலும் குறைவு. ஒற்றை ஒத்ததிர்வியில் தாமதத்தையும் அலைவரிசை அகலத்தையும் பெருக்கினால் ஏறக்குறைய 1-க்குள் நின்றுவிடும். நீளமாகத் தாமதிக்க வேண்டுமென்றால் சமிக்ஞை மெதுவாக மாறுவதாக இருக்க வேண்டும். பத்து மீட்டர் ஃபைபர் இப்படிக் கணக்குப் பார்க்காது, கொடுத்ததை எல்லாம் கடத்தும்.

முத்தோரை_ஓய்வு | புதன், மதியம் 12.15

தாமதத்தையும் அகலத்தையும் பெருக்கும் அந்தக் கணக்கை நம் தொலைநோக்கியில் போட்டுப் பார்த்தேன். நீளம் 530 மீட்டர், வடக்கு தெற்காக. மலைச்சரிவில் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக இருக்கும்படி கட்டியது, 1970-இலிருந்து ஓடுகிறது. கிழக்கு மேற்காக இயந்திரத்தால் சுழற்றுவோம். வடக்கு தெற்காகத் திருப்ப 1056 இருமுனை ஆன்டெனாக்களிலிருந்து வரும் சமிக்ஞைகளுக்கு மின்னணு வழியில் கட்டமும் தாமதமும் கொடுப்போம். வானில் 30 டிகிரி வடக்கே பார்க்க வேண்டுமென்றால், தொலைநோக்கியின் இரண்டு ஓரங்களுக்கும் பாதை வித்தியாசம் 265 மீட்டர், அதாவது சுமார் 880 நானோ விநாடி. சமிக்ஞையின் அகலம் 4 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3.5. கோத்தகிரித் தம்பி சொன்ன 1-ஐத் தாண்டுகிறது. ஒரு சட்டம் பற்றாது, நாலைந்தை வரிசையாகக் கோக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஒளி வீணாகும். ஆக, இப்போதைக்கு எங்கள் கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் 5 டிகிரி திருப்ப வேண்டும் என்றால் 154 நானோ விநாடி, பெருக்கம் 0.6. அது நடக்கக்கூடிய விஷயம்.

கேத்தி_மாணவி | புதன், இரவு 8.30

சார், இதை அப்படியே ஸ்லைடில் போட்டுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: 1.4 மைக்ரோ விநாடி முன்கூட்டி வந்தது? அந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளி 420 மீட்டர் போயிருக்கும். உள்ளே நுழையும் முன்பே வெளியே வந்ததா?

மஞ்சூர்_டீச்சர் | புதன், இரவு 9.10

உச்சம் முன்னால் வந்தது, துடிப்பின் முன்விளிம்பு வரவில்லை. மெதுவாக ஏறி இறங்கும் துடிப்பின் முன்பகுதியிலேயே பின்னால் வரப்போவதன் சாயல் இருக்கிறது. ஊடகம் முன்பகுதியை அதிகம் விட்டு, பின்பகுதியை அதிகம் வெட்டினால், மிஞ்சியதின் உச்சம் முன்னால் தெரியும். உள்ளே போன உச்சமும் வெளியே வந்த உச்சமும் ஒன்றல்ல. 2000-இல் பிரின்ஸ்டனில் என்.இ.சி. ஆய்வகத்தில் லிஜுன் வாங் குழு சீசியம் ஆவியில் காட்டியதும் இந்த வகைதான். அங்கே வெட்டுவதற்குப் பதில் பெருக்கம். திடீரென்று தொடங்கும் சமிக்ஞையின் முதல் நுனி எந்த ஊடகத்திலும் வெற்றிட வேகத்தைத் தாண்டாது என்று சோமர்ஃபெல்டும் பிரில்லோயினும் 1914-லேயே நிறுவிவிட்டார்கள். முன்வரிசைக்காரர் கேட்டால், துடிப்பை நடுவில் கத்தரித்தால் என்ன ஆகும் என்று அவரையே திருப்பிக் கேளுங்கள். கத்தரித்த இடம் வெற்றிட வேகத்துக்கு மேல் ஒரு அங்குலமும் முன்னால் வராது.

கூடலூரான் | புதன், இரவு 9.40

சரி, ஒத்துக்கொள்கிறேன்: மீட்டர் தப்பித்தது. ஆனால் செமினார் தலைப்பில் ‘ஒளியின் வேகத்தை வென்ற சிப்’ என்று மட்டும் போடாதே அம்மா.

கேத்தி_மாணவி | புதன், இரவு 9.45

தலைப்பு மாற்றியாயிற்று அண்ணா: ‘பம்ப் லேசரால் தாமதத்தைத் திருகுதல்’. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. ஸ்பிளைசர் அண்ணா, அந்த ஓ.டி.டி.ஆர். திரையின் படம் ஒன்று கிடைக்குமா?

ஸ்பிளைசர்_குன்னூர் | புதன், இரவு 10.00

நாளை வெலிங்டன் பக்கம் வேலை இருக்கிறது. 1.4682 போட்டு ஒன்று, 1.444 போட்டு ஒன்று, இரண்டும் எடுத்து அனுப்புகிறேன்.